வலென்சியா: சோறும் நீரும்

மூன்று நாள் மாத்திரமே தங்கக் கிடைத்த அயல்நகர் ஒன்றிலே நன்றாக உண்பது எங்ஙனம்? இவ்வினா இலக்கியப் பக்கங்களுக்கு ஏற்றதன்று எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பிரயாண நூல் எழுதுவோர் தேவாலயக் கோபுரங்களையும் நூதனசாலைகளையும் விரித்துரைப்பர்; உணவைப்பற்றிச் சொல்ல நேரும்போது ‘சுவையாக இருந்தது’ என்ற இரு சொற்களுடன் நிறுத்திக்கொள்வர். ஆயின் ஒரு மக்கட் கூட்டத்தார் தம் நிலத்தோடும் நீரோடும் பல நூற்றாண்டுகளாக நடத்திய போராட்டத்தின் பயன் ஈற்றிலே அவர்களது உணவுத் தட்டிலன்றோ வந்து சேர்கின்றது? அத்தட்டைப் படிக்கத் தெரியாதவன் அந்நகரின் கல்வெட்டுகளைப் படித்தாலும் பாதி ஊரையே கண்டவனாவான்.

2025ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா நகரில் வியாழன் முதற் சனி வரை மூன்று நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பார்சலோனாவில் தொழில் பார்க்கும் என் மருமகன் உடன் வந்தான். ஸ்பானிய மொழி அறிந்தவன் அவன். உண்ணும் பொருள்பற்றி ஓயாது வினவியவன் நான். வேறு நகரங்கள் பல இருக்க வலென்சியாவை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே. ஐரோப்பாவில் அரிசியைப் பக்க உணவாகக் கொள்ளாது தலைமை உணவாகப் போற்றும் மிகச் சில பிரதேசங்களுள் அது ஒன்று. சோறுண்டு வளர்ந்தவன் அங்கு செல்ல விரும்புவதில் வியப்பில்லை.

உண்ணும் வேளை

அந்நகரில் நன்றாக உண்ண விரும்புவோன் முதலிற் கற்கவேண்டியது உணவின் பெயர்களையன்று, வேளைகளையே. காலையில் ஒரு கோப்பியும் சிறு பணியாரமும் போதும். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் ‘எஸ்மொர்சாரெத்’ என்னும் இடையுணவு. நீண்ட பாணைப் பிளந்து முட்டையோ, இறைச்சியோ, பொரித்த மிளகாயோ வைத்துத் தருவர். பக்கத்திலே கச்சானும் ஒலிவக் காயும் வந்து சேரும். வயலிலே விடியுமுன் இறங்கியவர்களின் பசிக்கென ஏற்பட்ட வழக்கம் இது. இன்று அலுவலகத்தாரும் கொத்தனாரும் ஒரே மேசையில் அமர்ந்து அதனைப் போற்றிவருகின்றனர். பெரிய உணவு பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னரே. இராவுணவு ஒன்பது மணிக்கு முன் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மதிய உணவும் ஏழு மணிக்கு இராவுணவும் தேடுகின்ற பிரயாணி, தன்னையறியாமலே, பிரயாணிகளுக்கென்று மாத்திரம் சமைக்கும் கடைகளிற் போய் விழுகின்றான். அங்கே வாயிலில் வர்ணப் படங்கள் வரவேற்கும். எந்த வேளையிலும் எந்த உணவும் கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு ‘பாயெல்யா’ என்னும் சோற்றுணவை உண்போரைக் கண்டால் அவ்வூரார் தமக்குள் நகைத்துக்கொள்வர். அஃது உச்சிப்பொழுதின் உணவு. வயலோரத்தில் விறகடுக்கி, வேலையாட்கள் கூடியமர்ந்து உண்ட உணவு.

எங்கள் பணப்பை பெரிதன்று. ஆதலால் நாள்தோறும் ஒரு வேளை மாத்திரம், அதுவும் நண்பகலில், நிறைவாக உண்பது என்றும், இரவில் பழமும் பாணும் போதும் என்றும் ஒரு திட்டம் வகுத்துக்கொண்டோம். வேலை நாட்களின் நண்பகலில் முதற் கறி, இரண்டாங் கறி, இனிப்பு ஆகியவற்றைக் குறித்த விலையில் ஒருசேரத் தரும் வழக்கம் ஸ்பெயின் எங்கணும் உண்டு. சிக்கனமும் சுவையும் ஒரே வேளையில் வாய்ப்பது இதனாலேயே.

வியாழன் நண்பகல்

வியாழக்கிழமை நண்பகலிலே நாங்கள் போய் நின்ற இடம் உணவுச்சாலையன்று, நீதிமன்றம். பெருந் தேவாலயத்தின் ‘அப்போஸ்தலர் வாயில்’ என்னும் வாயிலருகே, மணி பன்னிரண்டு அடித்ததும், கறுப்பு மேலங்கி அணிந்த விவசாயிகள் வந்து வட்டமாக அமர்ந்தனர். துரியா ஆற்றின் நீரைப் பங்கிடும் எட்டு வாய்க்கால்களின் பிரதிநிதிகள் அவர்கள். ‘நீர் நியாயசபை’ எனப்படும் இச்சபையில் வழக்குரைஞர் இல்லை. எழுத்து வேலையும் இல்லை. வலென்சிய மொழியிலே வாய்மொழியாக வழக்குக் கேட்டு, அவ்விடத்திலேயே தீர்ப்புக் கூறுவர். அராபியர் காலத்து மரபின் தொடர்ச்சி எனக் கருதப்படும் இதனை 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் காவலர் உரத்துக் கூறி முறையீடு உண்டோ என வினவினார். எவரும் வரவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. படம்பிடிக்கும் கருவிகளோடு காத்திருந்த கூட்டத்தார் ஏமாற்றத்துடன் கலைந்தனர்.

“இவ்வளவுதானோ மாமா?” என்றான் மருமகன்.

இவ்வளவுதான். அந்த வாரத்தில் ஒருவன் மற்றொருவனின் நீரைத் திருடவில்லை என்பதை ஊரறிய உறுதிசெய்தார்கள். நகரைச் சூழ்ந்த தோட்ட நிலத்தின் தக்காளியும் போஞ்சியும் கத்தரியும் இந்த அமைதியிலிருந்தே விளைகின்றன. அந்த அமைதியையும் உணவின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகின்றேன்.

அன்று மாலை நகருக்கு வடக்கே ஒட்டினாற்போலுள்ள அல்போராயா என்னும் ஊருக்குச் சென்று ‘ஓர்ச்சாத்தா’ அருந்தினோம். பால் போன்ற நிறமும் குளிர்ச்சியும் உள்ள இப்பானத்தில் பால் ஒரு துளியும் இல்லை. ‘சூபா’ என்னும் சிறு கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சீனி சேர்த்துச் செய்வது. இச்செடி எங்கள் வயல்களிலே களையெனப் பிடுங்கி எறியப்படும் கோரையின் மிக நெருங்கிய உறவினம். இரண்டும் தாவரவியலில் ஒரே சாதியைச் சேர்ந்தவை. குளிர்காலத்திலே கிழங்கைத் தோண்டியெடுத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே பானத்துக்குப் பயன்படுத்துவர். நீண்ட மென்பணியாரம் ஒன்றை அதில் தோய்த்து உண்பது அவ்வூர் வழக்கம். முதல் மிடற்றில் நிலத்தின் மணம். அதன் பின்னரே இனிமை.

சந்தையிலே

வெள்ளிக்கிழமை காலை மத்திய சந்தையிற் கழிந்தது. 1928இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் இரும்பும் கண்ணாடியும் வர்ண ஓடுகளுமாக 8,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பரப்பிலே எழுந்து நிற்கின்றது. எதிரே, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே கட்டத் தொடங்கிய பட்டு வணிகர் மண்டபம். பட்டு வணிகம் மறைந்து மண்டபம் காட்சிப்பொருளாயிற்று. காய்கறி வணிகமோ இன்றும் உயிருடன் நடக்கின்றது. பிற்பகலில் சந்தை மூடப்படும், ஞாயிற்றுக்கிழமை திறக்கப்படுவதில்லை.

வலைப்பைகளில் ஊர்ந்த நத்தைகளையும், தொட்டிகளில் நெளிந்த விலாங்குகளையும், உப்பிட்டு உலர்த்திய மீன்களையும் பார்த்துக்கொண்டே நடந்தோம். மீன் விற்ற முதியவள் ஒருத்தியிடம், “எதனை உண்பது நன்று?” என்று மருமகன் மூலம் கேட்டேன்.

“இன்று வந்ததை உண்ணுங்கள். இந்த மாதத்தில் மட்டியை விட்டு வேறெதைக் கேட்பீர்கள்?” என்றாள் அவள்.

‘கிளோச்சினா’ எனப்படும் அவ்வூர் மட்டி, வேறிடத்து மட்டியிலும் சிறியது, மணம் மிக்கது. வைகாசி தொடங்கி ஆவணி வரையுள்ள வெயில் மாதங்களில் மாத்திரமே கிடைப்பது. உள்ளியும் எலுமிச்சையும் சேர்த்து, அதன் சொந்த நீரிலேயே அவித்துத் தருவர். அன்று நண்பகல் சந்தைக்கருகே ஒரு சிறு கடையில் அதனையும், சுட்ட கறிமிளகாயை நார்நாராகக் கிழித்து உப்பு மீனும் உள்ளியும் ஒலிவ எண்ணெயும் கூட்டிய ‘எஸ்கர்ராயெத்’ என்னும் பதார்த்தத்தையும் உண்டோம். பத்து வகை கேட்டு மேசையை நிரப்புவதிலும், பருவத்துக்குரிய இரண்டைக் கேட்டு அமைதியாக உண்பதே அவ்வூரில் அறிவுடைமை.

ஏரிக்கரையில்

சனிக்கிழமை அரிசியைத் தேடிச் சென்றோம். நகருக்குத் தெற்கே பத்துக் கிலோமீற்றர் அளவில், கடலிலிருந்து மணல் மேட்டாலும் பைன் மரக் காட்டாலும் பிரிக்கப்பட்டு, அல்புபேரா என்னும் ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் நடுவே முன்னொரு காலத்தில் தீவாயிருந்த எல் பால்மார் என்னும் மீனவர் கிராமத்துக்கு பஸ் வண்டி செல்கின்றது. வழியெங்கும் நெல் வயல்கள். வைகாசியில் விதைத்த பயிர், நின்ற நீரின்மேல் இளம் பச்சையாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தது. நாரைகள் வரப்பிலே நின்றன. மருமகன் சற்று நேரம் பேசவேயில்லை.

காட்சி இனிதாயினும் அதன் வரலாறு கொடியது. தேங்கிய நீரிலே நெல் விளைந்தது, காய்ச்சலும் விளைந்தது. பழைய அரசர்கள் நகரருகே நெல் விதைப்பதைப் பலமுறை தடைசெய்தார்கள். தாவரவியல் அறிஞரான கவனில்லெஸ் என்னும் பாதிரியார் 1795 முதல் 1797 வரை வெளியிட்ட வலென்சிய நாட்டு ஆராய்ச்சி நூலிலே, நெல் பயிரிடும் கிராமங்களில் மக்கள் நோயுற்று விரைவில் மடிவதைச் சுட்டி, அப்பயிருக்கு எதிராக வாதாடினார். எனினும் ஏழைகள் விதைப்பதை நிறுத்தவில்லை. நெல் பணந் தந்தது. விசென்தே பிளாஸ்கோ இபாஞெஸ் 1902இல் எழுதிய ‘நாணலும் சேறும்’ என்னும் நாவல் இந்த எல் பால்மாரையே களமாகக் கொண்டது. அதிலே ஒரு தந்தை, படகு படகாக மண் சுமந்து, ஏரியின் ஒரு துண்டை நிரப்பி வயலாக்குவதிலே தன் வாழ்நாளைச் செலவிடுகின்றான். அது வெறுங் கற்பனையன்று. ஏரியைச் சூழ்ந்த வயல்களிற் பெரும்பகுதி அவ்வாறே மனிதரால் நிரப்பப்பட்டது. ஒரு காலத்தில் பன்மடங்கு பரந்திருந்த ஏரி இன்று ஏறத்தாழ 2,800 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

அந்த வயல்களின் அருகேயிருந்த உணவுச்சாலையில் பாயெல்யா கேட்டோம். ஒருவருக்கெனத் தனியே அதனைச் சமைப்பது அரிது, இருவராவது வேண்டும். முன்னதாகவே சொல்லிவைத்தலும் நன்று. இலத்தீன் மொழியிலிருந்து வந்த ‘பாயெல்யா’ என்னும் சொல்லுக்கு உண்மையிற் பொருள் தாச்சி என்பதே. அகன்று, தட்டையாய், இரு காதுகளுடன் கூடிய தாச்சி. ஒலிவ எண்ணெயிலே கோழியையும் முயலையும் சிவக்கப் பொரித்து, தட்டைப் போஞ்சியும், ‘கரொபோ’ என்னும் பெரிய வெள்ளை அவரை விதையும், தக்காளியும் சேர்த்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, குங்குமப்பூவும் உப்பும் இட்டபின் அரிசி போடுவர். போட்ட பின்னர் கிண்டலாகாது. மீனும் இறாலும் இடப்பட்ட சோறும் அங்கு உண்டு. ஆயின் அது வேறு சோறு. தோடை மர விறகின் தீ முதலில் ஓங்கியெரிந்து பின் தணியவேண்டும். ஈற்றில் அடியிலே மெல்லிய காந்தல் பற்றும். ‘சொக்கராத்’ என்று பெயரிட்டு அதனையே அவர்கள் அமுதமெனப் போற்றுகின்றனர். அடுப்படியிலே மூத்தோர் எங்களுக்குச் சுரண்டித் தந்த அடிச்சோற்றின் பெருமையை மறந்தவர்கள் அங்கு சென்று மீண்டும் கற்கலாம்.

சோறு ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் இல்லை. இறைச்சி சோற்றுக்குத் துணையேயன்றிச் சோறு இறைச்சிக்குத் துணையன்று. ‘பொம்பா’, ‘செனியா’ என அரிசி இனங்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றார்கள். முன்னது எளிதில் வெடிக்காது. பின்னது கறியின் சாரத்தை நன்கு உறிஞ்சும். பழைய முறைப்படி தாச்சியை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்து மரக் கரண்டியால் உண்டுகொண்டே போகவேண்டும். அயலவன் பங்கிற் கரண்டி வைப்பது மரியாதையன்று. வியாழனன்று கண்ட நியாயசபை என் நினைவுக்கு வந்தது.

இவ்வுணவிலே இன்ன பொருளே இடவேண்டும், இன்னது ஆகாது என அவ்வூரார் கடுமையாக வாதிடுவர். 2021இல் வலென்சியப் பிரதேச அரசாங்கம் இதனைப் பண்பாட்டுச் சொத்தாகவே பிரகடனஞ் செய்தது. ஆயின் அத்தாச்சியை உற்று நோக்கினால் உலகமே அதனுள் இருப்பதைக் காணலாம். தக்காளியும் பெரிய அவரையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நெல்லை அங்கு பரப்பியவர்கள் முஸ்லிம் ஆட்சிக் காலத்து உழவர். அரிசிக்கு ‘அர்ரோஸ்’, குங்குமப்பூவுக்கு ‘அசாப்ரான்’, வாய்க்காலுக்கு ‘அசேக்கியா’ எனும் ஸ்பானியச் சொற்களெல்லாம் அரபு மொழி தந்தவை. அல்புபேரா என்பதும் ‘சிறு கடல்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லே. தோடம்பழத்தைக் குறிக்கும் ‘நாரஞ்ஞா’ என்னும் சொல் அரபு, பாரசீகம், வடமொழி என வழிநடந்து, எங்கள் நாரத்தைக்கு உறவான திராவிடச் சொல்லில் வேர்கொண்டிருக்கலாம் என்று மொழியறிஞர் கருதுவர்.

1238இல் முதலாம் ஜாய்மே மன்னன் நகரைக் கைப்பற்றினான். அதன் பின்னரும் முந்நூற்றெழுபது ஆண்டுகளாக அந்த உழவரின் சந்ததியார் வாய்க்கால்களின் ஓரத்திலே வாழ்ந்து, வற்புறுத்தலினால் மதமும் மாறினர். 1609இல் அவர்கள் கூட்டங் கூட்டமாகக் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்டனர். அவர்களுடைய நெல்லும் நீர்முறையும் சொற்களும் மாத்திரம் எஞ்சின. ஒருவனை வீட்டைவிட்டுத் துரத்திய பின்னும் அவன் சமைக்கக் கற்றுத்தந்த சோற்றை உண்டுகொண்டிருப்பது மனித சரித்திரத்திலே புதிதன்று. அதனை அறிந்து உண்பதற்கும் அறியாது உண்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே நான் சொல்ல விரும்புவது.

விலாங்கின் வழக்கு

எல் பால்மாரின் புகழ்பெற்ற மற்றோருணவு ‘ஆல் இ பெப்ரே’. உள்ளி, செம்மிளகாய்த் தூள், உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் விலாங்கு மீனைத் துண்டமிட்டுக் காய்ச்சும் குழம்பு. அதன் மணம் பக்கத்து மேசையிலிருந்து எங்களை அழைத்தது. ஆயின் ஐரோப்பிய விலாங்கு இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 முதலாக அதனை அந்நிலையில் வைத்துள்ளது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோக் கடலிலே பிறந்து, ஆறுகளையும் ஏரிகளையும் நாடி வரும் மீன் அது. பண்ணைகளில் வளர்க்கப்படுவனவும் கடலோரத்திற் பிடித்த குஞ்சுகளேயன்றிப் பண்ணையிற் பிறந்தவையல்ல. அல்புபேராவிலோ, 1970களில் கழிவுநீரும் உரமும் பாய்ந்து, தெளிந்திருந்த நீர் பச்சையாகக் கலங்கி, அடியிலிருந்த நீர்ச்செடிகள் மறைந்தன. 1986இல் ஏரி இயற்கைப் பூங்காவாக்கப்பட்ட பின்னும் பழைய தெளிவு மீளவில்லை.

நாங்கள் விலாங்கை உண்ணவில்லை. படகுத் துறையில் அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவரிடம் மருமகன் இதைச் சொன்னான். அவர் கோபிக்கவில்லை. “இந்த ஏரியிலிருந்து ஒன்றையும் உண்ணாதவர்கள் இந்த ஏரியை எத்தனை நாள் நினைத்திருப்பார்கள்?” என்று கேட்டார். உண்ணாமை மீனைக் காக்கும், மீனவனைக் காக்காது. மீனவன் போய்விட்டால் ஏரிக்காக வாதாடுவோர் தொகையும் குறையும். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கின்றன. நான் உண்ணாததற்கு வருந்தவில்லை. அவருடைய வினாவோ ஊர் திரும்பிய பின்னும் என்னை விட்டபாடில்லை.

நீர் கொடுப்பதும் எடுப்பதும் அங்கு புதிதன்று. 1957 ஒக்டோபரில் துரியா ஆறு பெருகி நகரை மூழ்கடித்தபின், ஆற்றையே தெற்கே புதிய வழியில் திருப்பிவிட்டனர். பழைய படுகை இன்று பூங்காவாயிருக்கின்றது. 2024 ஒக்டோபர் 29இல் பெருமழை கொட்டியபோது அப்புதிய வழி நகரைக் காத்தது. ஆயின் அதற்குத் தெற்கேயுள்ள பைபோர்த்தா, கத்தர்ரோஹா முதலிய ஊர்களிலே, வறண்ட ஓடையொன்று பெருக்கெடுத்து வீடுகளுள் பாய்ந்தது. வலென்சிய மாகாணத்தில் இருநூற்றிருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சேறும் சிதைவும் சுமந்த அவ்வெள்ளம் சென்று சேர்ந்த இடம் இந்த ஏரியே. எட்டு மாதங்களின் பின் நாங்கள் அதன் கரையில் அமர்ந்து சோறுண்டோம். விதைத்தவர்கள் மீண்டும் விதைத்திருந்தார்கள்.

போவோர்க்கு

அந்நகருக்குச் செல்ல வாய்க்கும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் நான் கூறக்கூடியது சிறிது. வேளையறிந்து உண்ணுங்கள், பருவத்தில் வந்ததைக் கேளுங்கள், சோற்றை நண்பகலில், துணையோடு உண்ணுங்கள். புகழ்பெற்ற கடை எதுவென்று தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல கடையைக் கண்டறிய எங்களுக்கு உதவியது ஒரு கேள்வியே: “இது எந்த அரிசி, எங்கே விளைந்தது?” வர்ணப் படம் தொங்கிய ஒரு கடையில் இதைக் கேட்டபோது பணியாள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். எல் பால்மாரிற் கேட்டபோதோ, சமையற்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனத்தின் பெயரைச் சொன்னாள். பின்பு எங்களைச் சாளரத்தருகே அழைத்துச் சென்று, எதிரே நின்ற வயலைக் கையால் காட்டினாள்.